ஆறரை மணிக்குத் திறக்கிற கதவு

ஜன்னல் பக்கம் நீயே உக்காரும்மா, எனக்கு வேணாம். வெளிய பாத்தா பொழுது சாயறது தெரியும். மணி என்ன ஆகுது? அஞ்சே முக்காலா? சரி, சரி. சனிக்கிழமையில கூட எவ்ளோ கூட்டம் பாரேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுன்னு சொன்னாலும் சொன்னாங்க, நாமெல்லாம் பஸ்லயே குடியிருக்கோம்.

நான் சேலையூர் போறேன். தாம்பரம் தாண்டி. பொண்ணு வீட்டுக்கு. இதான் முதல் தடவை. கண்டுபிடிச்சிடுவேன், அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல. வழி தப்பறதுங்கறது எனக்குக் கிடையாது. மத்தவங்களுக்குத்தான் என் வீட்டு வழி தப்பும். அயனாவரத்துல வீடு. பச்சை கேட்டு, வாசல்ல ஒரு வேப்ப மரம், பக்கத்துல ஒரு இஸ்திரி வண்டி. எவ்ளோ சுலபம்! ஆனா ஒருத்தரும் வர்றதில்ல. இந்தக் காலத்து ஜனங்க அப்படி. யாருக்கு யாரைப் பாக்க நேரம் இருக்கு சொல்லு.

நீ தூங்கப் போறியா? இல்லியே? அப்போ ஒண்ணு சொல்றேன். நீ நம்ப மாட்ட. நம்ப மாட்டாங்கன்னு பாத்துத்தான் சொல்லணும், எங்க ஆளுங்களுக்குள்ள அது ஒரு பழக்கம். நம்பறவங்ககிட்ட சொன்னா நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாங்க, எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கிட்டு.

எங்க ஆளுங்கன்னா, கையுள்ளவங்க. எங்களுக்குள்ள அப்படித்தான் சொல்லிக்குவோம். மந்திரவாதின்னு எல்லாம் சொல்லிடாத, எனக்குக் கோவம் வரும். மண்டை ஓடு, மை, சேவல்... கருமம், அதெல்லாம் வேற கூட்டம். நாங்க சாதாரண ஜனம். ஆளுக்கு ஒரு கை. பூந்தமல்லி ரோட்டுல செபாஸ்டின்னு ஒருத்தர் ஆட்டோ ஓட்டறார், அவர் கிட்ட வந்தாலே சிக்னல் பச்சையாயிடும். அவருக்கே அது போர் அடிச்சுப் போச்சு, டீ குடிக்கக்கூட எங்கயும் நிக்க முடியலன்னு புலம்புவார். திருவல்லிக்கேணியில கமருன்னிசா அக்கா. காணாமப் போன பொருளைக் கண்டுபிடிச்சுத் தருவாங்க. உன் கம்மல் திருகாணி தொலைஞ்சுதுன்னு வை, கண்ணை மூடி ரெண்டு நிமிஷம், "பாத்ரூம் மிதியடிக்குக் கீழே பாரு"ன்னுடுவாங்க.

முன்னெல்லாம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை புரசைவாக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துப் பின்கட்டுல கூடுவோம். இப்போ வாட்ஸ்அப் குரூப் மட்டுந்தான். காலையில எழுந்தா ரோஜாப்பூ படம், குட் மார்னிங். மழையை ஒதுக்கத் தெரிஞ்சவரு, பொய்யைக் காதால கேட்டே சொல்றவங்க, எல்லாரும் ரோஜாப்பூ அனுப்பறாங்க. கைன்னு ஒண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?

என் கை, கட்டு. வீட்டுக்குக் கட்டு போடுவேன். கடைக்கும் போடுவேன். போட்டுட்டேன்னா உள்ள இருக்கவங்க பத்திரம், வெளியில இருக்கவன் உள்ள வர முடியாது. சுவர்ல இடிச்சுக்குவான்னு நினைக்காத. வழி விட்டுப் போயிடும். அந்தத் தெருவுக்குள்ள திரும்பணும்னு வருவான், திரும்ப மாட்டான். நேரா போய் வேற எங்கயோ நிப்பான். இதுக்கு ஒண்ணும் பெரிய சாமான் வேணாம். துணி காயப்போடற நைலான் கயிறு போதும். நாலு மூலையிலயும் ஒரு முடிச்சு. மெட்ராஸ் வீட்ல மூலை எங்க இருக்கு? கேட்டுல ஒண்ணு, மீட்டர் பெட்டியில ஒண்ணு, தண்ணித் தொட்டிக் குழாய்ல ஒண்ணு, சமையல்கட்டு ஜன்னல் கம்பியில ஒண்ணு. கடைசி முடிச்சு போடும்போது அந்த வீட்டுக்கு உரியவங்க பேரை வாய்விட்டுச் சொல்லணும். அதான் முக்கியம். பேர் சொன்னவங்க வரலாம், போகலாம். பேர் சொல்லாதவங்களுக்கு வழியே கிடையாது, நானே கூட்டிட்டு வந்தாலும் சரி. அப்புறம் ஒருத்தரைச் சேக்கணும்னா இடையில செருக முடியாது, மொத்தத்தையும் அவுத்துட்டு மறுபடி கட்டணும். உயிரோட இருக்கவங்க பேரைத்தான் சொல்ல முடியும்.

எத்தனையோ வீட்டுக்குக் கட்டினேன், எங்க வீட்டுக்கு மட்டும் கட்டாமலே இருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். ரயில் பெட்டி செய்யற ஃபேக்டரியில இருந்தார், எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். அவருக்கு ஒயர்ல வராத எதுவும் கிடையாது. "மங்கை, உன் கயிறு ஷாக் அடிக்குமா?"ன்னு கிண்டல் பண்ணுவார். மங்கையர்க்கரசி என் பேரு. அவர் ஒருத்தர்தான் மங்கைன்னு கூப்பிடுவார்.

ஒரே பொண்ணு, எழிலரசி. படிப்பு, வேலை, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் வந்து நின்னா, அம்மா, இந்த மாதிரி ஒருத்தர்னு. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கோயிலுக்குப் பதிலா சர்ச்சு. பேரு... பேரெல்லாம் என் வாயில வராது. நான் போட்டோவைக்கூடப் பாக்கல. "இந்த வீட்டை விட்டு அவன்கூடப் போனா, இது உன் வீடு இல்ல"ன்னேன். எந்த அம்மாதான் சொல்லல? எல்லா வீட்லயும் சொல்றதுதானே? பொண்ணு அழுதுட்டு உள்ள போவும், ரெண்டு நாள் சாப்பிடாது, அப்புறம் வழிக்கு வரும். இவ போயிட்டா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்.

அந்த வாரம் எங்க தெருவுல திருட்டு. பக்கத்து வீட்ல பித்தளை அண்டாவையே தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்காகத்தான் கட்டு போட்டேன். திருட்டுக்காகத்தான். நீ வேற எதையாவது நினைச்சுக்காத. வீட்டுக்காரர் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், நான் சமையல்கட்டு ஜன்னல்ல கடைசி முடிச்சு. முதல்ல என் பேரைச் சொன்னேன். அப்புறம் அவர் பேரு. நாங்கெல்லாம் புருஷன் பேரை வாயால சொல்ற ஜாதி கிடையாதும்மா, ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறப்பகூட பக்கத்துல இருக்கவங்களை விட்டுத்தான் சொல்லச் சொல்லுவேன். அன்னிக்கு ஒரு தடவை சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் என்னவோ பண்ணுச்சு. இப்போ நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

"மூணாவது பேரையும் சொல்லு மங்கை"ன்னார்.

"மூணாவது யாரு இருக்கா?"ன்னேன்.

முடிச்சை இறுக்கிட்டேன். அவர் ஸ்டூலை மடக்கி வெச்சார், அவர் ரூமுக்குப் போனார், ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துட்டார். அவருக்குக் கோவம்னா அதான். வாய் பேசாது, ஃபேன் ஓடும். மார்கழி மாசத்துலகூட ஓடும்.

அதுக்கப்புறம் சனிக்கிழமை ஆனா கிளம்பிடுவார். யூனியன் ஆபீஸ்ம்பார். ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வாராவாரம் என்ன யூனியனோ! ஆறரை மணிக்கு டாண்ணு வந்துடுவார். முகத்தைப் பாத்தா சந்தோஷமா இருக்கும். நானும் சரி, நாலு பேரைப் பாத்துப் பேசிட்டு வர்றார்னு விட்டுட்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான். "ஆறரைக்கு வந்துடறேன், காபி போட்டு வை"ன்னு போனார். மெயின் ரோட்டு டீக்கடை வாசல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். யாரோ தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. அங்கேயே முடிஞ்சு போச்சு. என் கொழுந்தன்தான் வண்டியில எடுத்துட்டு வந்தார். நான் வீட்ல பாயைப் போட்டு, விளக்கை ஏத்தி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், வண்டி வரல. வரவே இல்ல. டிரைவர் கழுதைக்கு வழி தெரியலையாம். தெருவைச் சுத்திச் சுத்தி வந்திருக்கான். எங்க கொழுந்தனுமா வழியை மறப்பார்? துக்கத்துல மறந்துட்டார் போல. கடைசியில நானே தலைவிரிகோலமா மெயின் ரோட்டுக்கு ஓடினேன். நேரமாச்சு நேரமாச்சுன்னு எல்லாத்தையும் அந்த டீக்கடை வாசல்லயே முடிச்சு, அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாங்க. எழில் வந்திருந்தா. ரோட்டுல நின்னு அழுதா. நான் அவளைப் பாக்கல, அவ என்னைப் பாத்தாளான்னு தெரியல. மனுஷன் வீட்டு வாசலை மிதிக்காமலே போயிட்டார்மா. இருபத்தாறு வருஷம் தவணை கட்டின வீடு. அந்த டிரைவரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மணி என்ன? ஆறா? ம்.

மறுநாள் சாயங்காலம் நான் மட்டும் ஹால்ல உக்காந்திருக்கேன். கதவு பூட்டியிருக்கு. ஆறரை மணி. பூட்டு திறக்கிற சத்தம். தாழ்ப்பாள் தானா விலகுது. கதவு திறந்துச்சு. யாரும் இல்ல. ரெண்டு நிமிஷத்துல அவர் ரூம்ல ஃபேன் ஓடுது.

பயமா? எனக்கு என்ன பயம், முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்த மனுஷன். எழுந்து போய் காபி போட்டேன். பேச்சு கிடையாது. உயிரோட இருந்தப்பவும் என்ன பேசிக் கிழிச்சார்? கதவு திறக்கும், ஃபேன் ஓடும், நான் ஹால்ல உக்காந்து அன்னிக்கு நடந்ததைச் சொல்லுவேன். காய் விலை, தண்ணி வரலை, பக்கத்து வீட்ல சண்டை. காலையில பாத்தா ஃபேன் நின்னிருக்கும். தினம் இப்படித்தான். சொன்னேனே, பேர் சொல்லிக் கட்டினேன்னு. என் கட்டு அவரை விடல. என் கை அப்படி.

கமர் அக்காகிட்ட போன்ல சொன்னேன். அவங்க, "நீ கட்டினதாலதான் வர்றார்னு உனக்கு யாரு சொன்னா?"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! என் கை எனக்குத் தெரியாதா? அவங்க மட்டும் என்ன, ஊர்ல தொலைஞ்சதையெல்லாம் கண்டுபிடிக்கிறவங்க, துக்கம் கேக்க என் வீட்டுக்கு வந்தப்போ மருந்துக்கடை முனையில நின்னுக்கிட்டு, "ஏம்மா, உன் தெருவைக் காணோமே"ங்கறாங்க. வயசாயிடுச்சு, கை போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அதோட பேச்சை நிறுத்திட்டேன்.

ரெண்டு வருஷம் ஆச்சும்மா. காலையில எழுந்திருப்பேன், சமைப்பேன், துணி துவைப்பேன், சாயங்காலம் ஆகாதான்னு காத்துக்கிட்டிருப்பேன். பால் பாக்கெட்டுக்கும் காய்க்கும் நானே மெயின் ரோட்டுக்குப் போவேன். பால்காரப் பையன் கொண்டு வந்து போடறேம்பான், வர மாட்டான். சில நாள் யோசிச்சுப் பாத்தா, ஆறரை மணி வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன். நீயே சொல்லு, இப்போ நான் எவ்ளோ பேசறேன்? நான் பேசக்கூடியவதான்.

அப்புறம் எழில் போன் பண்ணா. அவளா. மாசமா இருக்கா. அந்த வீட்லயே வளைகாப்பு முடிச்சுட்டாங்க. "அம்மா, தலைப்பிரசவம். உன் வீட்டுக்கு வர்றேன்மா"ன்னா.  "வா"ன்னு மட்டும் சொன்னேன். அவ ரூமைத் துடைச்சேன். மெத்தையை வெயில்ல போட்டேன். பூண்டுக் குழம்புக்குப் பூண்டு உரிச்சு வெச்சேன். காலையில வர்றேன்னவ, மத்தியானம் ஆச்சு, வரல. போன் வருது. ஒரே அழுகை. ஆட்டோவுல மூணு மணி நேரம் சுத்தறாளாம். மருந்துக்கடை இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, எங்க தெரு மட்டும் இல்லையாம். "பொறந்து வளந்த வீடுடி, கண்ணு தெரியலையா?"ன்னு கத்தினேன். அவ சொன்னா, "வீட்டையே என்கிட்டேர்ந்து மறைச்சு வெச்சிட்டியேம்மா"ன்னு. போனைக் கட் பண்ணிட்டா. அதோட என் போனை எடுக்கறதே இல்ல.

எனக்கு அவ மேலதான் கோவம். நான் திருடனுக்காகக் கட்டினது. இவ எதுக்கு அதுல போய் மாட்டிக்கணும்?

ஆனா பாரு, கட்டை அவுத்தா அவர் போயிடுவாரு. செத்தவங்க பேரை மறுபடி சொல்லிக் கட்ட முடியாது. ஒரு பக்கம் வயித்துப் பிள்ளையோட பொண்ணு, ஒரு பக்கம் அந்த ஃபேன் சத்தம். நீ சிரிக்காத. ஃபேன் சத்தம்னா உனக்குச் சிரிப்பா இருக்கும். எனக்கு அது ஒண்ணுதான் வீட்ல.

போன வாரம் பால் வாங்கப் போனப்போ டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "அம்மா, உங்க மருமகன் நேத்தும் வந்திருந்தார்"ங்கறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரு மருமகன்? சனிக்கிழமை ஆனா பைக்குல வருவாராம். தெருவை விசாரிச்சுக்கிட்டுப் போவாராம். அரை மணி கழிச்சு, போன வழியே திரும்ப டீக்கடைக்கே வந்து நிப்பாராம். இப்போ இல்ல, நாலு வருஷமாவே. "சார் இருந்தவரைக்கும் பரவாயில்லம்மா. பையனால வீட்டுக்கு வர முடியலன்னு சாரே சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்துடுவார். பொண்ணும் வரும். மூணு பேரும் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க. அன்னிக்கு சாரைத் தூக்கிட்டு ஓடினதும் அந்தப் பையன்தான்"னார்.

யூனியன் ஆபீஸாம். எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. ஊரே அந்த பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிருக்கு, நான் ஒருத்திதான் உள்ள கயிறு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நேத்து சாயங்காலம் அவருக்குக் காபி போட்டேன். ஃபேன் ஓடுது. ஹால்ல உக்காந்து சொன்னேன், "நாளைக்கு அவுக்கப் போறேங்க. அவ வரணும். நீங்க கோச்சுக்காதீங்க"ன்னு. ஃபேன் பாட்டுக்கு ஓடுது. நல்லா அழுதேன். வெக்கம் என்ன, உங்கிட்ட சொல்றதுக்கு. இன்னிக்குக் காலையில குளிச்சுட்டு நாலு முடிச்சையும் அவுத்தேன். இதோ பையில இருக்கு பாரு, கயிறு. பச்சை நைலான். தொட்டுப் பாரு, ஷாக் எல்லாம் அடிக்காது.

இனிமே அந்த வீடு எல்லாருக்கும் திறந்த வீடு. திருடன் வந்தாலும் வரட்டும், ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகட்டும். மறுபடி கட்டவும் முடியாது, வயித்துல இருக்கிறதுக்குப் பேர் வைக்கல இல்ல?

எழில் போனை எடுக்க மாட்டா, அதான் நேராவே போய்க் கையோட இட்டாந்துடலாம்னு கிளம்பினேன். காலையில போயிருக்கலாம். போகல. எப்போ கிளம்பினேன் பாத்தியா? சாயங்காலம். ஏன்னு கேளு. ஆறரை மணிக்கு அந்தக் கதவு திறக்காம இருக்கறதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்லம்மா. அந்த நேரத்துக்கு நான் வீட்ல இருக்கக் கூடாதுன்னுதான் பஸ் ஏறினேன். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

என்ன ஊரு இது? கிண்டியா? இரு, போன் அடிக்குது. எடுத்துக் குடு, இந்தப் பையில எங்கியோ... கயித்துக்குக் கீழே பாரு. யாருன்னு போட்டிருக்கு? எழிலா?

ஹலோ. எழில்? ஆமாண்டி, நான்தான். சத்தம் வருதா, பஸ்ல இருக்கேன். எங்க இருக்க? ...எங்க? நம்ம வீட்லயா? எப்படிடி வந்த? ...இன்னிக்கு சனிக்கிழமை... ஆமா, ஆமா. அவரு வழக்கம்போல தேடிக்கிட்டு வந்தாரா? நேரா தெருவுக்குள்ளயே வந்துடுச்சா வண்டி? நீயும் கூட வந்தியா, இந்த வயித்தோடயா பைக்குல? கார்லயா. சரி, சரி. அழாத. நான் உன் வீட்டுக்குத்தான்டி வந்துக்கிட்டிருக்கேன். ஐயோ, சாவி என்கிட்டல்ல இருக்கு. நீ வெளியில நிக்காத, இஸ்திரிக்காரர்கிட்ட ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி...

என்ன? உள்ள இருக்கியா?

யாரு திறந்தா? ...நான் பூட்டிட்டு வந்தேன்டி. ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். ...நீ கேட் பக்கத்துல வந்ததும் தானா திறந்துச்சா?

ஏம்மா, மணி என்ன? ஆறு முப்பத்தஞ்சா? சரியாப் பாத்துச் சொல்லு.

கதவு திறந்திருக்காம்மா. அப்பா ரூம்ல ஃபேன் ஓடுதாம். கயிறு இங்க இருக்கே, உன் மடியில இருக்கே! அப்போ என் கட்டு இல்ல. நான் பிடிச்சு வெக்கல. ஆறரைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன், அதான் வந்துக்கிட்டிருந்திருக்கார். ஐயோ, கடவுளே. எப்போ வேணா அவுத்திருக்கலாமே. அந்தப் புள்ளைய மூணு மணி நேரம் வெயில்ல சுத்த விட்டேனே, அவரையே ரோட்டுல போட்டு அனுப்பினேனே. கமர் அக்கா அப்பவே கேட்டாங்க, கேட்டாங்களே...

கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா, நான் இறங்கணும். ஸ்டாப்பு இல்லேன்னா என்ன, சிக்னல்ல நிக்குதுல்ல, கதவைத் திற. கயித்தை நீயே வெச்சுக்கோம்மா, துணி காயப்போட ஆவும். கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க.

எழில், இருக்கியா? போனை அவர்கிட்ட குடு. குடுடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஹலோ... ஜோயலாப்பா? நான்தான்ப்பா, அத்தை பேசறேன். பிரிட்ஜுல பால் இருக்கு. காபி போட்டு ஒரு டம்ளர் அந்த ரூம் வாசல்ல வெச்சிடு. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன். ஒண்ணும் பயப்படாதீங்க ரெண்டு பேரும். ஃபேனை மட்டும் அணைச்சிடாதப்பா.